விழுந்தவரின் ஆட்களை என்ன செய்வது?

கிரீம்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 14 அறை கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான். கொல்கத்தா, திரிபுரா, வங்கதேசம், ஓமன், ஈராக், ஏமன். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை, அதில் இரண்டு கேஸ் அடுப்பு. 2025 தொடக்கத்தில் வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் சி ஏற்ற வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா, போட்டோ, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் கேட்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. 2025 மார்ச்சில், இருந்தால் தேவலை என்று தோன்றியது.

அப்போது இரண்டாவது மாடியில் இரண்டு வங்கதேசக் குடும்பங்கள். ஒருவர் கோபால்கஞ்ச், 2024-ல் ஆட்சி கவிழ்ந்த பிரதமர் ஷேக் ஹசீனாவின் சொந்த மாவட்டம். இன்னொருவர் ஃபெனி, ஹசீனாவின் அரசியல் எதிரி காலிதா ஜியாவின் பூர்வீகம். இந்த வித்தியாசமெல்லாம் எனக்கு அன்று தெரியாது. வந்த இரண்டு நாள் உப்பு, மிளகாய் கைமாற்று எல்லாம் நடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஃபெனிக்காரர் மொபைலில் தன் அக்கா மகன் படத்தைக் காட்டினார். 2024 ஜூலையில், ஹசீனா ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்ட பெல்லட்டில் ஒரு கண் போன பையன். கோபால்கஞ்ச்காரரின் தம்பி அதே போலீஸில் வேலை பார்த்தவர். ஹசீனா ஹெலிகாப்டர் ஏறிய ஆகஸ்ட் 5 அன்று அவருடைய ஸ்டேஷனைக் கொளுத்திவிட்டார்களாம். மறுநாளிலிருந்து ஒரு வீட்டார் சமைத்து முடித்து வெளியே வந்தால்தான் இன்னொரு வீட்டார் உள்ளே போவார்கள். "அதே மீனு, அதே கடுகெண்ண, அதே பேச்சு. இதுல என்ன சார் சண்ட?" என்றார் பெருக்கித் துடைக்கும் எங்கள் ஆயாம்மா.

சர்வாதிகாரி விழுந்தால் அவர் விமானம் ஏறிப் போய்விடுகிறார். அவருடைய குமாஸ்தா, கான்ஸ்டபிள், ஹெட்மாஸ்டர், ஜெயில் வார்டன் போக இடமில்லாமல் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது என்பதற்கு ஐம்பது வருடமாக உலகம் நாலு வழி பார்த்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், கோர்ட்டுக்கு இழுத்துப் பார்த்தார்கள், உண்மையைச் சொன்னால் மன்னிக்கிறோம் என்றார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தும் பார்த்தார்கள். நான் அரசியல் படித்தவனில்லை. ரிசப்ஷன் மேசையில் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் படித்தவன். எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். மறுநாள் காலையில் துப்பாக்கி யார் கையில் இருந்தது? யாருடைய சம்பளம் நின்றது? ஃபைல்கள் எங்கே போயின?

வீட்டுக்கு அனுப்பினால்

பாக்தாத் விழுந்தது 2003 ஏப்ரல் 9. மே 16-ல் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் போட்ட முதல் உத்தரவு, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல் நான்கு படிகளில் இருந்த யாருக்கும் இனி அரசு வேலை இல்லை என்றது. ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாவது உத்தரவு ராணுவத்தையே கலைத்தது. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர்.

மேல் நான்கு படி என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2016-ல் தியாலா பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியின் கல்லீரல் வைத்தியத்துக்கு வந்து ஏழு வாரம் தங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்தவர். காலையில் பால் இல்லாத டீ வேண்டும். சின்னக் கண்ணாடி கிளாஸில், அடியில் சர்க்கரை தெரியத் தெரியப் போட்டு. அந்த அளவில் எங்களிடம் இருந்தது வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்துக்கு வாங்கி மிஞ்சிய கிளாஸ்கள்தான். அதில் கொடுத்தோம். வாட்ச்மேன் எல்லா அரபுக்காரரையும் கூப்பிடுவது போல இவரையும் "பாய்" என்றார். அதன் அர்த்தத்தை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

அந்த நான்கு படியில் கடைசிப் படிக்குப் பெயர் ஃபிர்கா. வாத்தியாராக இருக்க சாதாரண உறுப்பினர் ஆனால் போதும், தங்கள் ஊரில் ஹெட்மாஸ்டர் நாற்காலி வேண்டுமென்றால் ஃபிர்கா ஆக வேண்டும் என்று அவர் சொல்ல, மகன் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னான். ஆனார். 2003-ல் நாற்காலி போனது. ஐந்து வருடம் ஜெனரேட்டருக்கு டீசல் விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். 2008-ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் அவருக்குப் பென்ஷன் வந்தது. பாஸ்போர்ட் உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. வேலை நீக்க உத்தரவு. ஃபார்ம் சி-க்கு பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது அதையும் சேர்த்துக் கண்ணாடியில் வைத்துவிட்டேன். பதறிப்போய் எடுத்துக்கொண்டார்.

டீசல் விற்கப் போன ஹெட்மாஸ்டரால் நாட்டுக்கு ஆபத்தில்லை. துப்பாக்கியோடு வீட்டுக்குப் போன அதிகாரிகளால் வந்தது. ஐ.எஸ். அமைப்புக்குச் சிரியாவில் கட்டமைப்பு போட்டுக் கொடுத்த ஹாஜி பக்ர், சதாம் ராணுவத்தில் கர்னல். 2014 ஜூனில் மோசுல் விழுந்தது. ஜூலையில், சதாமின் ஊரான திக்ரித்தில் மாட்டிக்கொண்ட 46 இந்திய நர்சுகள் கொச்சியில் வந்து இறங்கியதை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். பதினோரு வருடத்துக்கு முன் போட்ட ஒரு கையெழுத்துக்கும் அந்தப் பெண்களின் கண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

என் மூன்று கேள்விக்கும் ஈராக்கின் பதில் மோசம். துப்பாக்கி எல்லார் கையிலும் போனது. சம்பளம் வாத்தியாரிலிருந்து சிப்பாய் வரை நின்றது. பாத் கட்சியின் ஃபைல்கள் அமெரிக்காவுக்குப் போய், 2020-ல்தான் ஊர் திரும்பின.

இதைப் பார்த்த பிறகும் லிபியா அதே குழியில் விழுந்தது. 2011 அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார். 2013 மே மாதம் ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களை வளைத்து நிற்க, உள்ளே நாடாளுமன்றம் ஒரு விலக்கல் சட்டத்தை நிறைவேற்றியது. 1969 முதல் கடாஃபி ஆட்சியில் முக்கியப் பதவி வகித்த எவரும் பொதுப் பதவிக்கு வரக்கூடாது. முதலில் அடிபட்டது அந்த நாடாளுமன்றத்தின் தலைவர் முகமது மகரியஃப். அவர் செய்த குற்றம், ஒரு காலத்தில் இந்தியாவில் லிபியத் தூதராக இருந்தது. 1980-ல் அந்தப் பதவியை உதறி, முப்பது வருடம் நாடு கடந்து, கடாஃபியைக் கவிழ்ப்பதே வேலையாக இருந்தவர். சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை, ராஜினாமா செய்தார். அடுத்த வருடமே நாட்டுக்கு இரண்டு அரசாங்கம்.

கோர்ட்டுக்கு இழுத்தால்

எனக்குப் பிடித்த நாடு அர்ஜென்டினா. பிடித்திருப்பதால் அதன் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும்.

1976-லிருந்து 1983 வரை ராணுவ ஆட்சி. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். பிறகு வந்த ஆணையம் பெயரோடு கணக்கெடுத்தது 9,000-க்குக் கொஞ்சம் குறைவு, மனித உரிமைக்காரர்கள் சொல்வது 30,000. பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள் 1977 முதல் வியாழக்கிழமைதோறும் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். 1983 டிசம்பரில் அதிபராகப் பதவியேற்ற அல்ஃபோன்சின், ஆட்சி நடத்திய ஒன்பது தளபதிகளைச் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் நிறுத்தினார். 800-க்கும் மேற்பட்ட சாட்சிகள். 1985 டிசம்பரில் தீர்ப்பு. ஐந்து பேருக்குத் தண்டனை, விதேலாவுக்கும் மஸ்ஸேராவுக்கும் ஆயுள், நான்கு பேர் விடுதலை. மேல்மட்டம் மட்டும்தான் கூண்டில். குமாஸ்தாவை யாரும் தொடவில்லை.

இது முடிந்ததற்குக் காரணம் அல்ஃபோன்சினின் தைரியம் மட்டுமில்லை. 1982-ல் ஃபாக்லாந்து தீவுக்காக பிரிட்டனோடு மோதி ராணுவம் மண்ணைக் கவ்வியிருந்தது. துப்பாக்கி அவர்கள் கையில்தான் இருந்தது, மரியாதைதான் போயிருந்தது. அந்த மரியாதை கொஞ்சம் திரும்பியதும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். வழக்குகள் கீழே மேஜர், கேப்டன் மட்டத்துக்கு இறங்கின. 1987 ஈஸ்டர் சமயத்தில் முகத்தில் கரி பூசிய அதிகாரிகள் கலகம் செய்தார்கள். மேலதிகாரி சொன்னதைச் செய்தவர் மேல் வழக்கில்லை என்று அந்த ஜூனிலேயே சட்டம் வந்தது. அடுத்து வந்த அதிபர் மெனெம் ஆயுள் கைதிகளையே மன்னித்து வெளியே விட்டார்.

இத்தோடு கதையை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தாய்மார்கள் முடித்துக்கொள்ளவில்லை, வியாழக்கிழமை நடை நிற்கவில்லை. பாட்டிமார்கள், சிறையில் பிறந்து வேறு வீடுகளில் வளர்ந்த பேரக்குழந்தைகளை ரத்தச் சோதனையால் தேட ஆரம்பித்தார்கள். 130-க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்புச் சட்டங்களைச் செல்லாது என்றது. வழக்குகள் மறுபடி ஓடின, ஆயிரத்துக்கும் மேல் தண்டனை. விதேலா 2013-ல், 87 வயதில், ஜெயிலில் இறந்தார். ஃபைல் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் பாட்டியின் ரத்தத்தை ஃபைலாக்கினார்கள். அதனால்தான் எனக்கு அர்ஜென்டினா.

சொன்னால் மன்னிப்பு

தென்னாப்பிரிக்கா ஒரு தனி மனிதரின் சர்வாதிகாரம் இல்லை, வெள்ளையர் ஆட்சி. ஆனாலும் இந்தப் பேச்சு எங்கே எடுத்தாலும் யாராவது அதைக் கொண்டுவந்துவிடுவார்கள். டீக்கடையில்கூட "மண்டேலா மாதிரி மன்னிச்சிடணும்" என்பார்கள். மன்னிப்பு சும்மா கிடைத்துவிடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

உண்மை ஆணையம் அமைக்க 1995-ல் சட்டம். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை. தலைமை தாங்கிய பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். செய்ததை முழுக்கச் சொல்ல வேண்டும், அரசியல் காரணத்துக்காகச் செய்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் மன்னிப்பு. 7,112 பேர் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 849 பேருக்கு. பெரிய தலைகள் பல பேர் வரவே இல்லை. முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தா சம்மனைத் தூக்கிப் போட்டார். வராதவர்கள் மேல் வழக்குப் போடுவோம் என்றுதான் ஒப்பந்தம். ஆணையம் 300-க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கைகாட்டிவிட்டுப் போனது, அரசுத் தரப்பு பெரும்பாலானவற்றைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை, தடுத்தது யார் என்று விசாரிக்க 2025-ல் இன்னொரு கமிஷன் போட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் தொடர்ந்து உதவித்தொகை தரச் சொன்னது ஆணையம். கொடுத்தது ஒரே தடவை, 30,000 ராண்ட்.

இந்திய வம்சாவளி வாத்தியார் அகமது திமோல். 1971-ல் ஜோஹன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து செத்தார். தற்கொலை என்றார்கள். தாய் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார், செய்தவன் எவனும் வாய் திறக்கவில்லை. 2017-ல் நீதிமன்றம் அது கொலை என்றது. அறையில் இருந்த போலீஸ்காரர் மேல் வழக்குப் போட்டு, விசாரணை தொடங்குவதற்குள் 2021-ல் அவர் இறந்துபோனார். "உண்மை ஆணையம்" என்ற சொல்லை யார் லேசாக உச்சரித்தாலும் எனக்கு இந்தத் தேதிகள்தான் ஞாபகம் வருகின்றன. 1971, 2017, 2021.

அப்படியானால் தென்னாப்பிரிக்கா ஏன் ஈராக் ஆகவில்லை? டுட்டுவை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ஜோ ஸ்லோவோவை மறந்துவிடுகிறார்கள். கம்யூனிஸ்ட் தலைவர், வெள்ளை அரசாங்கம் வெறுத்த ஆள். 1992-ல் அவர்தான் எழுந்து, ஐந்து வருடம் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் பென்ஷனுக்கும் உத்தரவாதம் தருவோம் என்றார். சொந்தக் கட்சிக்குள்ளேயே திட்டு வாங்கினார். வெள்ளைக்கார குமாஸ்தாவின் முதல் தேதிச் சம்பளம் தவறாமல் வந்தது. நாட்டைக் காப்பாற்றியது கண்ணீரைவிட அந்தச் சம்பளம் என்றுதான் நான் சொல்வேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. அந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்த யாஸ்மின் சூக்காதான் பிற்பாடு இலங்கைப் போர் பற்றி ஐ.நா. அமைத்த மூவர் குழுவிலும் இருந்தார். இலங்கையும் காணாமல் போனவர்களுக்கென்று 2016-ல் சட்டம் போட்டு அலுவலகம் திறந்தது. கிளிநொச்சியில் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். வளசரவாக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவரிடம் தென்னாப்பிரிக்கா பற்றிச் சொன்னபோது, "உண்மையைச் சொன்னால் மன்னிப்பு எண்டால், முதல்ல ஒருத்தன் உண்மையைச் சொல்லட்டுமே" என்றார்.

பேசாமல் விட்டால்

ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ படுக்கையில் கிடந்து 1975 நவம்பர் 20-ல் இறந்தார். யாரும் அவரைக் கவிழ்க்கவில்லை. ராணுவம், போலீஸ், நீதிமன்றம் எல்லாம் அப்படியே இருந்தன. 1977 அக்டோபரில் ஸ்பெயின் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. ஜெயிலில் இருந்த இடதுசாரிகள் வெளியே வந்தார்கள், அவர்களை அடித்தவர்களுக்கும் அதே சட்டத்திலேயே விடுதலை. கம்யூனிஸ்டுகள்கூட கை தூக்கினார்கள். கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1981 பிப்ரவரி 23-ல் லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களை பெஞ்சுக்கு அடியில் படுக்க வைத்தார். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சமாதானம் கிடைத்தது, உண்மைதான். அதற்கான வட்டியைக் கட்டியது, ஃபிராங்கோ ஆட்கள் கொன்று சாலையோரக் குழிகளில் புதைத்தவர்களின் குடும்பங்கள். நீதிபதி கர்சோன் 2008-ல் போட்ட கணக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். விசாரிக்கத் தொடங்கியதற்காக அவர் மேலேயே வழக்கு வந்தது. அதில் 2012-ல் விடுதலையானார் என்றாலும், வேறொரு வழக்கில் பதவி போனது. 'பில்லி த கிட்' என்று பெயரெடுத்த சித்திரவதைப் போலீஸ்காரர், வாங்கிய பதக்கங்களுக்காகப் பென்ஷனில் கூடுதல் தொகை பெற்றுக்கொண்டே 2020-ல் கொரோனாவில் இறந்தார். சொந்த நாட்டுக் கோர்ட் கதவு மூடியதால் ஸ்பெயின்காரர்கள் எங்கே போய் முறையிட்டார்கள் தெரியுமா? அர்ஜென்டினாவில். அந்த ஊர் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை அனுப்பச் சொன்னார், ஸ்பெயின் மறுத்துவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. எமர்ஜென்சி 21 மாதம். அதைச் சர்வாதிகாரம் என்று சொல்லலாமா கூடாதா என்று சண்டை போட இன்றும் ஆள் இருக்கிறார்கள். 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த மத்திய சிறைக்குள் கட்சிக்காரர்களை அடித்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, அடித்தது உண்மை என்றது. டெல்லியில் ஷா கமிஷன். தண்டனை? 1980 ஜனவரியில் இந்திரா திரும்பி வந்தார், எல்லாம் அதோடு போயிற்று. ஷா கமிஷன் அறிக்கையே கண்ணில் படாமல் மறைந்தது. முன்னாள் எம்.பி. இரா. செழியன் தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010-ல் மறுபடி அச்சிட்டார்.

நான் அப்போது சூளையில் பையன். 1980 தேர்தலுக்கு எங்கள் தெருமுனைச் சுவரில் உதயசூரியனும் கையும் ஒட்டினாற்போல் வரைந்திருந்தார்கள். கீழே "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக." சிட்டிபாபு இறந்து சரியாக மூன்று வருடம். அந்தக் கூட்டணி 39-ல் 37 ஜெயித்தது. வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்ட 1977-லும் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.–காங்கிரஸ் பக்கம்தான் ஜெயித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம்மூர்க்காரன் ஸ்பெயின்காரனை ஏளனமாகப் பேச வழியில்லை. அப்பா சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிபன் கேரியரோடு வேலைக்குப் போனார். இன்று அந்தச் சிறை இல்லை. இடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் கட்டிவிட்டார்கள்.

தேர்தல் முதலா, அரசியல் சட்டம் முதலா என்று தனியாக ஒரு சண்டை உண்டு. அதில் எனக்கு அதிகம் சுவாரஸ்யமில்லை. துனிசியா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது. 2014-ல் நல்ல அரசியல் சட்டம், பழைய கட்சிக்காரர்களைத் தேர்தலிலிருந்து விலக்கும் விதியைக்கூட நாடாளுமன்றத்தில் மயிரிழையில் தோற்கடித்தார்கள், 2015-ல் நோபல் பரிசு வேறு. 2021-ல் ஓட்டு வாங்கி வந்த அதிபரே நாடாளுமன்றத்தைப் பூட்டினார். வரிசை சரியாக இருந்தும் வீடு நிற்கவில்லை.

இப்போது சிரியா

2024 டிசம்பர் 8 அன்று அசாத் மாஸ்கோவுக்குப் பறந்தார். சைத்னாயா சிறைக் கதவு திறந்தது. பிள்ளைகளைத் தேடி வந்த குடும்பங்கள் தரையில் சிதறிய ஃபைல்களின் மேல் நடந்து போனதை வீடியோவில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1990 ஜனவரியில் மக்கள் உளவுத்துறைத் தலைமையகத்துக்குள் புகுந்தது ஃபைல்களைக் காப்பாற்றத்தான். நீளத்துக்கு அடுக்கினால் 111 கிலோமீட்டர். தன்னைப் பற்றி எழுதியதை எவரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று சட்டமே வந்தது. சிரியாவில் ஆளுக்கு நாலு தாளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளை பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

சிரியாவின் புது ஆட்சித் தலைவர் அகமது அல்-ஷரா எந்த வழியில் போகிறார்? நாலிலும் ஒரு கால். 2025 ஜனவரியில் ராணுவத்தையும் அசாத்தின் பாத் கட்சியையும் கலைத்தார், அது பாக்தாத் வழி. அரசு ஊழியர்களில் மூன்றில் ஒருவரை அனுப்பும் திட்டம் வந்தது. அதே சமயம் பழைய சிப்பாய்கள் ஆயுதத்தை ஒப்படைத்து அடையாள அட்டை வாங்கிக்கொண்டு போக மையங்கள் திறந்தார்கள், இது ஸ்பெயின் வாசனை. மே மாதம் நீதிக்கு ஒரு ஆணையம், ஆனால் அது பார்க்கப்போவது பழைய ஆட்சி செய்ததை மட்டும். மற்றக் குழுக்கள் செய்த கொலைக்கு அங்கே இடமில்லை.

சம்பளமும் போய், மரியாதையும் போய், மலையில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் மார்ச் 6-ல் கடற்கரைப் பக்கம் புது அரசின் படைகளைத் தாக்கினார்கள். பதிலுக்கு நடந்தது வேட்டை. ஐ.நா. விசாரணையின்படி சுமார் 1,400 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அசாத்தின் அலவிப் பிரிவைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள். ஜூலையில் துரூஸ் என்ற சிறுபான்மையினர் வாழும் சுவைதாவில் இன்னொரு ரத்தக்களரி. ஒரே ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. நவம்பரில் அலெப்போவில் அந்தக் கடற்கரைக் கொலைகளுக்காக விசாரணை தொடங்கியபோது, கூண்டில் பழைய ஆட்சிக்காரர்களோடு புது அரசின் ஆட்களும் நின்றார்கள். 14 பேர்தான். நின்றார்களே.

வங்கதேசத்திலும் ஐ.நா. சொன்ன எண்ணிக்கை 1,400 வரை, 2024 ஜூலை–ஆகஸ்டில். அங்கே பிடித்தது கோர்ட் வழி. 2025 நவம்பரில் ஹசீனாவுக்கு, ஆள் இல்லாமலே, மரண தண்டனை. தீர்ப்பளித்த நீதிமன்றம், 1971 குற்றங்களுக்காக எதிரிகளைத் தூக்கில் போட 2010-ல் ஹசீனா அரசாங்கமே அமைத்தது. விதேலா கூண்டில் நின்றார், அவரோடு நின்ற நான்கு பேர் விடுதலையும் ஆனார்கள். கூண்டு காலியாக இருக்கும் தீர்ப்பு ஃபெனியில் இனிக்கும், கோபால்கஞ்சில் அது தீர்ப்பாகவே போய்ச் சேராது. ஹசீனாவின் அவாமி லீக் கட்சியின் நடவடிக்கைகளுக்கும் தடை போட்டார்கள். இது எனக்கு லிபியாவின் அந்த டெல்லித் தூதர் கதையை ஞாபகப்படுத்துகிறது.

என்னைக் கேட்டால், மேலே இருந்த பத்து இருபது பேரைக் கூண்டில் ஏற்று, திறந்த கோர்ட்டில், வக்கீலோடு. கீழே இருப்பவனுக்கு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, முதல் தேதி சம்பளம் கொடு. ஃபைல் அறைக்கு அன்றைக்கே ஒரு பூட்டும் இரண்டு தரப்பிலிருந்து ஒவ்வொரு காவல்காரனும். அர்ஜென்டினாவின் மேல் பாதி, ஸ்லோவோவின் கீழ் பாதி, ஜெர்மன்காரனின் அலமாரி.

இதை ஃபெனிக்காரரிடம் அரைகுறை இந்தியில் சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று, பில் போட்டுக்கொண்டிருந்தபோது. பொறுமையாகக் கேட்டார். "அப்போ என் அக்கா மகன் கண்ணுக்குப் பதிலா அந்த ஆள் தம்பிக்கு என் வரிப்பணத்துல சம்பளமா, தாதா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வேண்டியவன், ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் ரிவ்யூவுக்கு வருவதாக மெசேஜ் போட்டிருந்தார். இந்தத் தடவை மூன்றாவது மாடி வேண்டுமாம். கோபால்கஞ்ச் குடும்பத்துக்கு இன்னும் விசா வரவில்லை. அவர்கள் விட்டுப்போன அரை பாட்டில் கடுகெண்ணெயை ஆயாம்மா துணி சுற்றி ஸ்டோர் ரூமில் எடுத்து வைத்திருக்கிறார்.